பத்தொன்பது தாள்களில் ஒரே கையெழுத்து

ஒரு வட்டம் போட்டு, அதற்கு வால் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் கையெழுத்து. முதல் தாளில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஏழாவது தாளில் மறுபடியும் வந்தது. பதினோராவதில் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

என் பெயர் வசந்தினி. பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சட்டமும் மருத்துவ அறநெறியும் கற்பிக்கிறேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதால் கல்யாண வீடுகளில் உறவினர்கள் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார்கள். ஊசி பிடிக்கத் தெரியாத டாக்டர் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் சொல்லிவருவது ஒரே சங்கதிதான்: நினைவோடு இருக்கும் ஒருவரின் உடம்பில் கத்தி வைக்க, அவர் மட்டுமே சம்மதம் கொடுக்கலாம். மனைவியும் முடியாது, மகனும் முடியாது. இதை வைத்துத்தான் எனக்குப் பட்டம், பதவி, இரண்டு புத்தகம், நாலைந்து எதிரிகள்.

வட சிலாங்கூரில் ஒரு சின்ன மருத்துவமனையின் அறுவை சிகிச்சைச் சம்மதப் படிவங்களை ஆராய அனுமதி வாங்கியிருந்தேன். பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்து இருநூற்று நாற்பது நகல்கள் கொடுத்தார்கள். கையெழுத்தை மறைக்க மறந்துவிட்டார்கள். பத்தொன்பது தாள்களில் நோயாளியின் இடம் காலியாகக் கிடந்தது. மலாயில் 'வாரிஸ்' என்று போட்டிருந்த நெருங்கிய உறவினர் கட்டத்தில் அதே வட்டம், அதே வால். உறவுமுறை ஒன்றில் அத்தை, ஒன்றில் தங்கை, இன்னொன்றில் சம்பந்தி. ஒரு பெண்ணுக்கு இத்தனை உறவா? ஏதோ தரகு வேலை என்றுதான் என் புத்தி முதலில் போனது.

வார்டுத் தாதி நித்தியாவிடம் தாளை நீட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இது புனிதவதி அக்கா லா, டாக்டர். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் எஸ்டேட்ல இருக்காங்க. கைராசிக்காரங்க. அந்தச் சுத்துவட்டாரத்துல ஆப்பரேஷன்னா காடிய ஓட்டிட்டுப் போயி அவங்களக் கூட்டிட்டு வந்து சைன் போடச் சொல்வாங்க. அவங்க போட்டா ஆளு பொழச்சு வந்துடுமாம்."

"நீங்க தடுக்கலையா?"

"அவங்க போட்டாத்தான் படுப்பேன்னு பேஷண்டே அடம்பிடிக்கிறாங்க. நான் என்னா செய்ய?" நித்தியா குரலைத் தாழ்த்தினாள். "அவங்களுக்கே கர்ப்பப்பைய எடுக்கணும், டாக்டர். ரத்தம் போயிட்டே இருக்கு. ரெண்டு தடவ டேட் குடுத்தும் வரல. பதினெட்டாந்தேதி மூணாவது. இதையும் விட்டாங்கன்னா உயிருக்கே ஆபத்து. நீங்களாச்சும் பேசுங்களேன்."

ஒரு நோயாளியின் விவரத்தை இப்படி என்னிடம் சொன்னதே தப்பு. அதைப் பற்றி நான் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். ஆனால் கண்டிக்க வாய் வரவில்லை. வீடு எங்கே என்று கேட்கத்தான் வந்தது.

சனிக்கிழமை காலை எஸ்டேட் நாற்றுப் பண்ணையில் புனிதவதியைக் கண்டுபிடித்தேன். செம்பனைக் கன்றுகளுக்குக் கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உதடு வெளுத்திருந்தது. ஐந்து பைகளுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தினார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் அவருக்கு ஒரே வேடிக்கை.

"பத்தொம்பதுதானா? கூடவே இருக்கும், டீச்சர். மத்த ஆஸ்பத்திரியிலயும் போட்டிருக்கேன்."

"எப்படிப் போடுவீங்க? அதுக்கு ஏதாச்சும் முறை இருக்கா?"

"குளிச்சிட்டு வெறும் வயித்தோட போவேன். என் பேனாவுலதான் போடுவேன். போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுவேன்."

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருக்கீங்களா, அக்கா?"

"மலாய் படிக்கத் தெரியும். படிக்க யாரு நேரம் குடுத்தா? இங்கன்னு வெரல வைப்பாங்க, நான் போடுவேன்."

குறிப்பேட்டில் வேகமாக எழுதிக்கொண்டே, "ஒருத்தர்கூடத் தவறினதில்லையா?" என்று கேட்டேன். அவர் கை நின்றது.

"ஒருத்தரு. என் வீட்டுக்காரரு சன்னாசி. நாலு வருஷமாச்சு. கொடல்ல கட்டி. ஊருக்கெல்லாம் போடுற கை புருஷனுக்குப் போடாதான்னாங்க. போட்டேன். ரெண்டாம் நாளு போயிட்டாரு." மண்ணைக் கிளறினார். "சொந்தத்துக்கு மட்டும் என் கை ஆகாதுன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. அப்புறம் எனக்கு நானே எப்படிப் போடுறது? வேற யாரும் போடவும் பயப்படுறாங்க."

இதுதானா விஷயம் என்று எனக்கு உற்சாகம் பொங்கியது. கையில் பதிலை வைத்துக்கொண்டு கேள்விக்குக் காத்திருந்தவள்தானே நான்.

"உங்க வீட்டுக்காரர் அப்ப நெனவோடதானே இருந்தார்?"

"நல்லா பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு."

"அப்படின்னா உங்க கையெழுத்து செல்லவே செல்லாது, அக்கா. சட்டப்படி அது வெறும் மை. அதனால யாரும் பொழைக்கவும் இல்ல, சாகவும் இல்ல. அவர் சரின்னு சொன்னதுதான் சம்மதம்."

பெரிய சுமையை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்தேன். புனிதவதி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு சரின்னு சொல்லல, டீச்சர். வேணாம் புனிதா, வீட்டுக்குப் போலாம்னாரு. மூணு தடவ சொன்னாரு. நாந்தான் பேனாவ எடுத்தேன்."

இதே வழக்கை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், கணவன், மனைவி என்று மட்டும் எழுதி. மாணவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள்; நான் மதிப்பெண் போடுவேன். பெயர் சொல்லி, மண் ஒட்டிய கையோடு யாரும் என் முன்னால் உட்கார்ந்ததில்லை. மனைவி போட்டாலும் செல்லும் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"அவரு வேணாம்னா விட்டிருக்கணுமா, டீச்சர்?"

"விட்டிருக்கணும்," என்றேன். "ஆஸ்பத்திரியில உங்களைக் கேட்டதே தப்பு. அது உங்க தப்பு இல்ல, அவங்க தப்பு. அவர் பக்கத்துல உக்காந்து, எதுக்கு வேணாங்கிறீங்கன்னு கேட்டிருக்கணும்."

அவர் எழுந்து குழாயடிக்குப் போனார். மண் போன பிறகும் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப என் ஒடம்புக்கு நான் மட்டுந்தானா?"

"நீங்க மட்டுந்தான்."

"வேணாம்னு சொன்னா விட்டுடுவாங்களா?"

"விட்டுத்தான் ஆகணும். நான் பாத்துக்கிறேன்."

"நல்லா இருக்கு. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வந்தீங்களா, போவ வேணாம்னு சொல்ல வந்தீங்களா?"

சத்தியமாக எனக்கே அது தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி அவர் வருவாரா என்ற பதைப்பில் நான் விடிந்ததும் மருத்துவமனைக்குப் போய்விட்டேன். எட்டரைக்கு வந்தார். இளம் மருத்துவர் அருள்நேசன் படிவத்தை வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலையும் வைத்தார்.

"மொதல்ல சொல்லுங்க, டாக்டர்," என்றார் புனிதவதி. "என்னா செய்வீங்க, என்னா ஆவலாம், செய்யாட்டி என்னா ஆவும்?"

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, அரிதாக மரணம் என்று சொன்னார். அரிதுன்னா எத்தனை பேருக்கு ஒருத்தர் என்று புனிதவதி கேட்டார். கர்ப்பப்பையை எடுத்தபிறகு எத்தனை நாளில் மண் தூக்கலாம் என்று கேட்டார். பதினொரு நிமிடம் ஆனது. நான் நேரம் பார்த்தேன். பிறகு நோயாளிக்கான இடத்தில் வட்டம் போட்டு வால் இழுத்தார்.

மருத்துவர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். "சாட்சிக்கு நீங்க போடுறீங்களா, டாக்டர்?"

எத்தனையோ தாள்களில் யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் நான். அன்று என் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடினேன். என் கை ராசியில்லாத கையாக இருந்தால்? இந்த நினைப்பு எனக்கு வந்தது என்று வெளியே தெரிந்தால் என் நாலைந்து எதிரிகளும் விருந்து வைப்பார்கள்.

"அக்கா," என்றேன், "உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

வெளியே மூன்று மணி நேரம் ஒரு புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நித்தியா வந்து, நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது அழுதுவிட்டேன்.

மறுநாள் போனபோது தலையணையில் சாய்ந்திருந்தார். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"எங்க எஸ்டேட்டு கதிரவேலு அண்ணனுக்கு அடுத்த வாரம் கொடலெறக்க ஆப்பரேஷன். அதுக்குள்ள போன் அடிச்சிட்டாரு. டீச்சர் கை நல்ல கையாம். சாட்சிக்கு வரச் சொல்றாரு."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "வாரிஸ் கட்டத்துல யாரும் போடக் கூடாது, அக்கா. அவரேதான்..."

"அவரேதான் போடுவாரு. சொல்லிட்டேன்." புனிதவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ ஏன் போட மாட்டேங்குறன்னு கேட்டாரு. சன்னாசி வேணாம்னு மூணு தடவ சொன்னாரு, நான் கேக்கலன்னு சொன்னேன்."