சனிக்கிழமைப் புகார்

பிரான்ஸின் ஒரு மூலையில் இருக்கும் எங்கள் சின்ன ஊர் வால்ஃப்ருவாதில் ஒதில் ஷஸ்தாஞோலை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பால் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தவள் முப்பத்திரண்டு வயதில் ஊர் மன்றத்துக்குள் நுழைந்தாள், நாற்பதில் மேயர். அன்றிலிருந்து மேயரம்மாதான். நான் மரிவோன், அந்த அலுவலகச் செயலாளர். பதினெட்டு வருடம் அவள் கத்தலையும் அவள் போடும் கறுப்புக் காப்பியையும் சகித்தவள்.

ஐம்பத்தெட்டு வயதில் அவள் பாராளுமன்றத்துக்கு நின்றது எங்கள் பள்ளிக்கூடத்துக்காக. ஒரே அறை, ஒரே டீச்சர், பதினான்கு பிள்ளைகள். அதை மூடக் கல்வி இலாகா மூன்று வருடமாகத் துடித்துக்கொண்டிருந்தது. கீழே நின்று கத்தினால் காதில் விழவில்லை, மேலே போய்க் கத்துகிறேன் என்றாள். நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். இரண்டு நாற்காலியிலும் உட்காரச் சட்டம் விடாது. முதல் வாரமே மேயர் பதவியை விட்டாள். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடமே மன்னிப்புக் கேட்கும் அனத்தோல் புதிய மேயரானான்.

ஜூலை பதினாலாம் தேதி, தேசிய தினத்தன்று, தியாகிகள் தூண் முன்னால் எல்லோரும் நின்றோம். மேயரின் மூவர்ணப் பட்டையில் நீலம் கழுத்துப் பக்கம் இருக்கும். பாராளுமன்ற உறுப்பினருக்குச் சிவப்பு. ஒதில் பழக்க தோஷத்தில் நீலத்தை மேலே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பக்கத்தில் அனத்தோலும் நீலம். ஊருக்கு இரண்டு மேயர்! கூட்டம் சிரித்தது. நான் போய்த் திருப்பிப் போட்டுவிட்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். பாரிஸ் போனாலும் இவள் நம்மவள்தான் என்று நினைத்தேன்.

நவம்பரில் பட்ஜெட் வந்தது. அது நிறைவேறினால் எங்கள் மாவட்டத்தில் முப்பத்தெட்டு வகுப்புகள் போகும். ஒதில் இருந்தது ஆளும் கட்சியில். அமைச்சர் அலுவலக ஆள் ஒருவன் அவளிடம் வந்து, ஆதரித்து ஓட்டுப் போட்டால் மூடும் பட்டியலிலிருந்து வால்ஃப்ருவாத் பெயரை மட்டும் அடித்துவிடுகிறோம் என்றானாம். அன்றே எனக்குப் போன் செய்து சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ரொட்டிக் கடையில் சொன்னேன். மதியத்துக்குள் ஊரே பள்ளி பிழைத்தது என்று வைன் பாட்டிலைத் திறந்துவிட்டது.

ஒதில் எதிர்த்து ஓட்டுப் போட்டாள். கட்சி அவளை வெளியே தள்ளியது. அவள் ஓட்டு இல்லாமலே பட்ஜெட் நிறைவேறியது. பிப்ரவரியில், செப்டம்பரில் மூடப்போகும் வகுப்புகளின் பட்டியல் வந்தது. நாங்கள் முதல் பக்கத்திலேயே இருந்தோம்.

சனிக்கிழமைதோறும் சந்தை நேரத்தில் கஃபேயின் மூலை மேசையில் உட்கார்ந்து அவள் மக்கள் குறை கேட்பாள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை யாரும் கிட்டப் போகவில்லை. கஃபேக்காரி காப்பியைக்கூட முகம் பார்க்காமல் வைத்தாள். ஒதில் மட்டும் ஒன்பது மணிக்கு வந்து பன்னிரண்டு வரை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. போய் எதிரே உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தாள்.

"பேரு?"

"பதினெட்டு வருஷம் கூடவே இருந்தேன். பேரு தெரியாதா?"

"எல்லாரையும் கேக்கறதுதான். யார் மேல புகார்?"

"உங்க மேல."

கண் சிமிட்டாமல் எழுதிக்கொண்டாள். நானும் கொட்டித் தீர்த்தேன். எப்படியும் நிறைவேறப்போகிற பட்ஜெட், அதற்கு ஒரு ஓட்டைப் போட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பதினான்கு பிள்ளைகளும் இருபது கிலோமீட்டர் பனியில் பஸ்ஸில் போக வேண்டாமே? ஊரை விற்றுத்தான் பெரிய மனுஷி ஆனீர்களா? சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வார்த்தை விடாமல் எழுதி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நஷ்டம் யாருக்கும் இல்ல மரிவோன். ஆனா என் விலை ஒரு வகுப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அடுத்த தடவை ஆஸ்பத்திரிய மூட வரும்போது அத விடக் கம்மி விலையோட வருவாங்க."

நான் மூக்கைச் சிந்தினேன். கோபம் போகவில்லை. அவள் சொன்னது சரிதான் என்பதால் இன்னும் கூடியது.

"ஜூன்ல அந்தப் பட்டியலத் திரும்பவும் பாப்பாங்க" என்றாள். "அமைச்சரை நான் கேள்வி கேக்க ரெண்டு நிமிஷம் குடுத்திருக்காங்க. பழைய மில் பக்கம் ரெண்டு குடும்பம் குடிவந்திருக்கே, அந்தப் பிள்ளைங்க பேரு, வயசு வேணும். பதினாலுக்கு மேல கணக்குக் காட்டணும். அனத்தோலக் கேட்டா பயப்படறான்."

"அவன் எதுக்குத்தான் பயப்படல?"

"நீ எழுதிக் குடுப்பியா?"

"உங்கள நான் இன்னும் மன்னிக்கல."

"அதையும் எழுதிக்கிட்டேன்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு, அந்த இரண்டு வீட்டுக் கதவையும் தட்டப் புறப்பட்டேன்.