அலுமாரிக்குப் பின்னால் இருந்த பச்சை

கதிரவேலுக்குக் கோபம் மூக்கு நுனியில். கறியில் உப்புக் குறைந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவார். நிறத்தைப் பற்றி யாராவது எதிர்க்கதை கதைத்தால் மட்டும் மனிதர் மனிதராக இருக்கமாட்டார். திருகோணமலைத் துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் கப்பலுக்கும் கந்தோர்ச் சுவருக்கும் பெயின்ட் அடித்தவர். "ஆண்டவன் எனக்குக் காணி பூமி குடுக்கேல்லை, கண்ணைக் குடுத்தவன்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிவார்.

எழுபத்து நாலாம் ஆண்டு மாசி மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை, அப்துல் மஜீத் சாம்பல்தீவுக்கு அவரைத் தேடிச் சைக்கிளில் வந்தார். பையில் இரண்டு பெயின்ட் தகரம். ஒன்று துருப்பிடித்த வெறும் தகரம், நங்கூரப் படம் போட்ட சீமைச் சாமான். மற்றது மயில் படம் போட்ட உள்ளூர்த் தகரம், புத்தம் புதியது. வெளிநாட்டுச் சாமான் கண்ணாலும் காணக் கிடைக்காத காலம் அது.

"பாஸ், இந்த ரெண்டிலயும் ஸீ கிரீன் எண்டு ஒரே பேர்தான் கிடக்கு. பழசை அடிச்ச சுவரோட புதுசை வைச்சுப் பாத்தா ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்ல. இது என்ன அநியாயம்?"

"பேர் வைக்கிறவன் கொம்பனிக்காரன். டவுனில எத்தினை மஜீத் இருக்கினம்? எல்லாருக்கும் ஒரே முகமோ?"

மஜீத் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு விஷயத்துக்கு வந்தார். அவருடைய தங்கை சுபைதாவின் புருஷன் ஸெய்னுதீன், துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர், போன மாதம் திடீரென்று மவுத்தாகிவிட்டார். சுபைதா இத்தா இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் துக்கம் காத்து, ஒரே அறை. அந்த அறைச் சுவரை ஒன்பது வருஷத்துக்கு முன்னர் ஸெய்னுதீன்தான், கப்பல்காரன் ஒருவனிடம் கிடைத்த நங்கூரத் தகரத்தைக் கொண்டு, தன் கையால் அடித்தார். மார்கழி மழையில் ஓடு விலகி, ஒரு பாய் அகலத்துக்குச் சாந்து கழன்று விழுந்தது. அதையும் அவரே பூசினார். "சீமெந்து காயட்டும், அடுத்த கிழமை நிறம் அடிப்பம்" என்றார். அடுத்த கிழமை அவர் இல்லை.

"வாற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பொம்பிளைகள் வீடு பாக்க வாறாங்க. தங்கச்சிட மகள் ஸல்ஹாவுக்குக் குடுக்கிற வீடு பாஸ். சீமெந்துத் திட்டோட காட்ட ஏலுமா? முழுக்கச் சுண்ணாம்பு அடிச்சு விடுவமெண்டன். தங்கச்சி அழுறா. அவர்ர நிறத்தை மூடவேணாமெண்டு அழுறா. நிறம் சேர்ந்தாச் சரி. சேராட்டி வியாழக்கிழமை சுண்ணாம்புதான், நான் முடிவாச் சொல்லிப்போட்டன்."

"நான் வந்து சுவரைப் பாக்கிறன்."

"அங்கதான் கரைச்சல். அறைக்குள்ள வேற ஆம்பிளை வர ஏலாது. அவ மற்றப் பக்கம் போய் இருந்தா ஒரு குற்றமும் இல்லையெண்டு பள்ளிவாசல் லெப்பை சொல்லிப்போட்டார். எங்கட மாமி உம்மு குல்சும், லெப்பைக்கும் மேல. விடமாட்டா." மஜீத் சட்டைப் பையிலிருந்து கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே நகத்தளவு சுவர்ப் பொருக்கு, ஒரு பக்கம் பச்சை. "இதைச் சுரண்டிக் கொண்டந்தனான். இது காணுமே?"

கதிரவேல் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு மரநிழலில், பிறகு வீட்டுக்குள். இளநீர் வழுக்கையில் வெற்றிலைச் சாறு ஒரு துளி விழுந்ததுபோல ஒரு பச்சை. மயில் மார்க்கில் இது பிறவியிலேயே இல்லை. ஆனால் மயிலின் வெள்ளையும் நீலமும் மஞ்சளும் இருக்கின்றனவே, கலக்கிற கை எதற்கு?

"எனக்கு இந்தப் பொருக்கே காணும், சுவர் தேவையில்லை" என்றார். வாய் கொழுப்புத்தான். இரண்டு நாளில் அதற்குச் செமையாக வாங்கிக் கட்டினார்.

ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அதனால் ஓட்டுத் துண்டுகளில் சீமெந்து பூசி, அதன்மேல் அடித்து, காயவிட்டுப் பொருக்கோடு ஒட்ட வைத்துப் பார்த்தார். ஆறாவது துண்டில் பொருக்கை வைத்தபோது பொருக்கு எது, துண்டு எது என்று அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை. நீலம் எத்தனை கரண்டி, மஞ்சள் எத்தனை துளி என்று கரித்துண்டால் கதவில் எழுதிவிட்டு, திங்கட்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டவுனில் இருந்த சுபைதா வீட்டுக்குப் போனார்.

அறை வாசலில் தடித்த திரை. திரைக்கு முன்னால் கதிரை போட்டு உம்மு குல்சும் மாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தா. துண்டை வாங்கி உள்ளே கொடுத்தா. உள்ளிருந்து சன்னமான குரல் வந்தது.

"இல்ல மாமி. இது இல்ல."

கதிரவேலுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் நீலம் கூட்டிக் கொண்டுபோனார். இல்லை. அன்று பின்னேரமே மஞ்சள் கூட்டினார். அதுவும் இல்லை. புதன்கிழமை காலை மூன்று துண்டு கொண்டுபோனார். மூன்றும் திரும்பி வந்தன.

"என்ன விளையாட்டு இது?" என்று வெடித்தார் கதிரவேல். "பதினெட்டு வருஷம்! வெள்ளைக்காரத் துரைமார் வாய் திறக்கேல்லை என்ர நிறத்துக்கு! உள்ள இருக்கிற ஆளுக்குக் கண்ணில பிழை."

"மெதுவாப் பேசுங்க" என்றா மாமி. "புருஷனைப் பறிகுடுத்த பொம்பிளையோட கத்தவா வந்தீங்க?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. தலையைச் சொறிந்தார். மஜீத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி பாஸ், நீங்க பாடுபட்டீங்க. நாளைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்யிறன்" என்றார்.

திரைக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. அடக்கியும் அடங்காத விசும்பல். கதிரவேலின் கோபமெல்லாம் வடிந்து காலுக்குள் போய்விட்டது. இந்தக் கண்ணை நம்பித்தானே அந்த மனுசி ஐந்து நாள் காத்திருந்தது என்று நினைத்தார்.

"தங்கச்சி" என்றார் திரையைப் பார்த்து. "நான் சுவரைக் காண ஏலாது. நீங்கள் காணலாம். அது எப்பிடி இருக்கெண்டு உங்கட வாயால சொல்லுங்கோ."

குரல் திரைக்குக் கிட்ட வந்தது. "பச்சைப்பயறு ஊறப்போட்டா மேல நிக்கிற தண்ணி இருக்கே, அண்ணன். அந்த மாதிரி."

"பயத்தந் தண்ணியோ? அது மங்கலெல்லோ? பொருக்கில மங்கல் ஒரு பொட்டும் இல்லையே." கதிரவேல் நிறுத்தினார். மெதுவாக மஜீத்தின் பக்கம் திரும்பினார். "மஜீத், பொருக்கை எங்க சுரண்டினீர்?"

"சுவரில கீறல் விழுந்தாத் தங்கச்சி ஏசுவா எண்டு… அலுமாரிக்குப் பின்னால கையை விட்டுச் சுரண்டினன்."

"அட படுபாவி! ஒன்பது வருஷம் வெயிலும் குசினிப் புகையும் காணாத இடம் அதெல்லோ! ஒரு சுவரைக் காட்டி வேறொரு சுவரை என்னிட்டக் கலக்க வைச்சிருக்கிறீர்."

"பின்ன, என்ர கண்ணில பிழையில்லையே?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"இல்லைத் தங்கச்சி. என்ர வாயிலதான் பிழை."

மாமி எழுந்து உள்ளே போனா. ஸல்ஹாவும் சேர்ந்து தள்ள, அலுமாரி நிலத்தைக் கிறீச்சென்று கீறிக்கொண்டு நகர்ந்த சத்தம் கேட்டது. மஜீத் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

"இதுதான்" என்றாள் சுபைதா கடைசியில். "ஸல்ஹா, உங்க வாப்பா அடிச்ச அண்டைக்கு அறை இப்பிடித்தான் இருந்திச்சு. நான் மறந்தே போயிட்டன். மங்கினதைத்தான் அவர்ர நிறமெண்டு நினைச்சு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்திருக்கிறன்."

கதிரவேல் திரைக்குக் கிட்ட வந்தார். "பிழை பிடிபட்டிட்டுது. மண்ணிறத்தில ரெண்டு துளி விட்டா அந்த மங்கலைப் பிடிச்சுப்போடுவன். பின்னேரத்துக்குள்ள திட்டு மறைஞ்சிடும்."

"அண்ணன், முதல் நாள் கொண்டந்தீங்களே, அந்தத் துண்டு, அதே மாதிரி அறை முழுக்க அடிக்கக் கலந்து தர ஏலுமா?"

"ஏலும். அளவு கதவில எழுதிக் கிடக்கு. ஆர் அடிக்கிறது?"

"நான்தான்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று மஜீத் குதித்தார். "இத்தாவில இருந்துகொண்டு பெயின்ட் அடிக்கிறதா? ஊர் என்ன பேசும்? மாமி, நீங்க சொல்லுங்க!"

மாமி வாசலுக்கு வந்து, வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினா. "பூவும் அத்தரும் பட்டும்தான் அவவுக்கு ஆகாது. சுவருக்கு என்ன இத்தாவா? போய் வாளி கொண்டாங்க."

மஜீத் வாயைப் பிளந்தார். கதிரவேலுக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

பின்னேரம் இரண்டு வாளி மயில் மார்க் போனது. கதிரவேல் முற்றத்தில் நின்று யன்னல் பக்கமாகக் கத்தினார். "மேலயிருந்து கீழ வாங்கோ! தூரிகையை அமத்தாதேங்கோ! காயாத இடத்தைத் திரும்பத் தடவினால் நான் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்!" உள்ளே ஸல்ஹா சிரிப்பது கேட்டது. ஸெய்னுதீன் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று மஜீத் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்த பெண்கள் சுவரை ஒருமுறை பார்த்தார்கள், பரிமாறிய வட்டிலப்பத்தைப் பலமுறை பார்த்தார்கள். கல்யாணம் பேசி முடிந்தது.

இத்தா முடிந்த மறுநாள் மஜீத் ஆள் அனுப்பினார். கதிரவேல் முதல்முறையாக அந்த அறைக்குள் கால் வைத்தார். முக்காடு இட்டு, ஒரு பக்கமாக சுபைதா நின்றாள். அவர் நினைத்ததைவிடச் சின்ன உருவம். யன்னல் திறந்திருந்தது. காலை வெயில் சுவரெல்லாம் நிறைந்து நின்றது. அலுமாரியை மற்றச் சுவருக்கு நகர்த்தியிருந்தார்கள்.

"அலுமாரி நிண்ட இடத்தில நான் தூரிகை வைக்கல, அண்ணன். அது அவர் அடிச்சபடியே கிடக்கு" என்றாள். "அவர் அடிச்சது எங்க முடியுது, நான் அடிச்சது எங்க தொடங்குதெண்டு காட்டுங்க பாப்பம்."

கதிரவேல் சிரித்துக்கொண்டே கிட்டப் போனார். குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். உள்ளங்கையால் தடவினார், யன்னற் கதவைப் பாதி சாத்திப் பார்த்தார், திரும்பத் திறந்தார். நெற்றியில் வியர்வை வந்தது. மஜீத் கேலி பண்ண வாயெடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனார்.

"எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி" என்றார் கதிரவேல்.

"எனக்கும் தெரியல்ல" என்றாள் சுபைதா. சொல்லிவிட்டு, முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.