கட்லட்டுக்கு ஒரு நிறம்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே சேதுராமனின் சிற்றுண்டிக் கடை. அங்கே எனக்குக் காசாளர் வேலை. வீட்டில் உழைப்பது நான் ஒருத்திதான், அதனால் முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். அதில் ஒன்று, தினமும் வாசல் பலகையில் கட்லட்டுக்கு ஒரு நிறம் எழுதுவது. “வாசிக்கிறவனுக்கு நாக்குல எச்சி ஊறணும், வதனா” என்பார்.

திங்கட்கிழமை புது எண்ணெய். ‘பொன்னிறம்’ என்று எழுதினேன், பொய்யில்லை. மறுநாளும் அதே எண்ணெய், ‘தேன் நிறம்’. புதனுக்குக் ‘கருப்பட்டி நிறம்’. எண்ணெய் கறுக்கக் கறுக்க என் தமிழும் கறுத்துக்கொண்டே போனது. வியாழக்கிழமை ‘கித்துள் பாணி நிறம்’ என்று எழுதினேன். கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற நல்ல பாணிக்கு இப்படியொரு கேடா!

வெள்ளிக்கிழமை பிலிமத்தலாவையில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு முந்நூறு கட்லட் கேட்டிருந்தார்கள். எல்லாம் பாலர் வகுப்புப் பிள்ளைகள். காலையில் குசினிக்குள் போனேன். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. தாச்சியில் அதே எண்ணெய், மேலே ஆடை கட்டி, அடியில் கரி மண்டி, நடுவில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்தது. சேதுராமன் கரண்டியால் கரப்பானை மட்டும் எடுத்து வீசினார்.

“காஞ்சா எல்லாம் சரியாயிரும். இன்னைக்கு என்ன நிறம் எழுதப் போறீங்க?”

சீ, இதுவும் ஒரு மனிதனா என்றிருந்தது.

“முதலாளி, இதில ஒண்டு பொரிச்சு நீங்க சாப்பிடுங்கோ. பிறகு எழுதுறன்.”

“எனக்கு வீட்டுச் சாப்பாடு இருக்கும்மா” என்று மேசையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. இந்தக் கடையில் அவர் ஒரு வாய் தின்று நான் கண்டதேயில்லை.

பாத்திரம் கழுவிய சவர்க்காரத் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் இருந்தது. தூக்கித் தாச்சிக்குள் கவிழ்த்தேன்.

“இனி இந்தப் பக்கம் வராதீங்க!” என்று கத்தினார். “ஓம், வரேல்லை” என்றேன்.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது எதிரே பார்த்தேன். வேறு வழியில்லாமல் புது எண்ணெய் வாங்கிக்கொண்டு கடைக்குள் போனார். என் பஸ் வருவதற்குள் கண்ணாடிப் பெட்டியில் கட்லட் வந்து விழுந்தது, அசல் பொன்னிறம். பலகையில் எழுதத்தான் ஆளில்லை.