மடி கொடுக்காத மாமன்

கம்பைநல்லூர்ப் பக்கத்து முனியப்பன் கோயிலில், வேப்பமரத்தடி நிழலில் உட்கார்ந்துகொண்டு, மாரியப்பன் அந்தக் குழந்தையின் தலைமுடியை விலக்கி விலக்கிச் சுழி பார்த்தார். சந்தையில் கன்றுக்குட்டி பிடிக்கப் போனால் எப்படிப் பார்ப்பாரோ, அதே கை, அதே கண். பிறகு மோவாயைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பி நிறம் பார்த்தார். நான்கு வயது மணிமேகலை மூச்சுக் காட்டாமல் நின்றாள். சுற்றி நின்ற சொந்தபந்தம் வேடிக்கை பார்த்துச் சிரித்தது.

சுகுணாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. கூடப்பிறந்த அண்ணன்தான், என்ன சொல்வது? குழந்தைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அந்த ஒரு மடிக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சுகுணாவும் அவள் புருஷன் பூவரசனும் அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருப்பவர்கள். குழந்தை பிறக்கவில்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, வேண்டாத சாமி இல்லை. கடைசியில் முறைப்படி தத்துக்குப் பதிந்து வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து சோபனா மேடம் வந்து, அடுப்படி முதல் அக்கம்பக்கம் வரை விசாரித்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். இப்போது சட்டத்தைத் திருத்தி, கலெக்டரே உத்தரவு போடலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். மணிமேகலைக்கான உத்தரவு அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அவளை வளர்க்கும் பொறுப்பு மட்டும்தான் இவர்களுக்கு.

பூவரசனுக்குத்தான் பொறுக்கவில்லை. உத்தரவு வருமுன்பே கிடா வெட்டி, காது குத்தி, சொந்தத்துக்கு வயிறாரப் போட்டுவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தான். சோறு போட்டால் வாயைத் திறக்காமல் எப்படித் தின்பார்களாம்?

ஆசாரி வரத் தாமதமானதால் முதல் பந்தி முடிந்துவிட்டது. ஆசாரி வந்து ஊசியும் கம்மலும் எடுத்து வைத்த பிறகு, மாமன் மடியில் உட்கார வைக்கக் குழந்தையைக் கூப்பிட்டார்கள். மாரியப்பன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து நின்றுகொண்டார்.

"இது எந்த சாதின்னு தெரியாம எம்மடில எப்பிடி ஒக்கார வெக்கறது மாப்ள? நாளைக்கு எம்பொண்ணு கல்யாணத்துல நாலு பேரு கேப்பானா மாட்டானா?"

சாதியைச் சொல்ல மாட்டார்கள், அதையெல்லாம் கேட்கவும் கூடாது என்று சுகுணா சொன்னாள். அவருக்கும் அது தெரியும். ஏற்கெனவே ஆள் வைத்து விசாரித்து, ஒன்றும் பெயராமல் வந்த ஆத்திரம்தான் அவருக்கு. கலெக்டர் கையெழுத்து இன்னும் ஆகவில்லையே என்று அடுத்த யோசனையை எடுத்து விட்டார். குழந்தைக்கு வலிப்பு கிலிப்பு வருகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு ஒன்றை, கொஞ்சம் நிறமாக, நம்ம பக்கத்து முகச்சாயலாகப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். பூவரசனின் பெரியம்மா முறையான நஞ்சம்மாள், நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே, அதுதான் சரி என்று தலையாட்டினாள். யார் வீட்டுக் கறி அது? எந்தக் குழந்தையின் பேரில் வெட்டிய கிடா அது? தூ, இதுவும் ஒரு பிழைப்பு.

அந்த நேரத்தில்தான், அழைத்த மரியாதைக்காக, சோபனா ஜீப்பில் வந்து இறங்கினார். பூவரசன் ஓடிப்போய் அவரை ஓரமாக அழைத்துப் போனான். வரவேற்கிறான் என்று நினைத்துத் தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே போன சுகுணாவின் காதில் அது விழுந்தது.

"மேடம், தப்பா நெனக்காதீங்க. வேற கொழந்தயா மாத்திக் குடுப்பீங்களா?"

சுகுணாவுக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. அண்ணன் ஊருக்குப் பயந்தவன், போகட்டும். இந்த மனுஷன் நேற்று ராத்திரி வரை அந்தக் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டியவன். அந்தக் கை எப்படி இப்படிக் கூசாமல் கும்பிட்டு நிற்கிறது?

சோபனா குரலை உயர்த்தவில்லை. "மாத்தியெல்லாம் குடுக்க மாட்டோங்க. வேண்டாம்னா நாங்க கூட்டிட்டுப் போயிருவோம். அதுக்கு விதி இருக்குது. இப்பவே சொல்லிருங்க."

பூவரசன் வாயைத் திறக்குமுன் மணிமேகலை நடந்து வந்தாள். சோபனாவைப் பார்த்ததுமே அவள் செருப்புக் குவியலுக்குப் போய், தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள்.

"மேடம், எஞ் சொக்காயெல்லாம் அந்த வூட்ல இருக்குது. எடுத்துக்கட்டுங்களா?"

இவளை இதற்கு முன்பே ஒரு வீட்டில் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டம்மாள் சில மாதத்தில் கர்ப்பமானதும், போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கூட்டி வரப் போனதும் இதே சோபனாதான். இதையெல்லாம் இவர்களிடம் முதலிலேயே சொல்லி, உட்கார வைத்துப் பேசித்தான் குழந்தையைக் கொடுத்தார்கள். பூவரசன் அதையும் மறந்திருந்தான். ஜீப் வந்தால் கிளம்ப வேண்டும் என்று அந்தக் குழந்தை மட்டும் மறக்கவில்லை. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

பூவரசனின் முகம் செத்துப்போயிற்று. மண்ணில் மண்டி போட்டு, அந்தச் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "எங்கயும் போவேணாம் சாமி," என்றான். அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஆசாரிக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் மடியில் வைத்துக்கொண்டான். சுகுணா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் வேறு குழந்தை கேட்டதை இந்த ஜென்மத்தில் மறப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் ஊரே சிரிக்கும் என்று மாரியப்பன் கத்தினார். சுகுணா திரும்பி, பந்தியில் இருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"சிரிக்கட்டும்ணா. புள்ள இல்லாதவங்களுக்குப் புள்ள தேடிக் குடுக்கற சட்டம்னு நாம நெனச்சிக்கிட்டோம். அது இல்ல. வூடு இல்லாத புள்ளைக்கு வூடு தேடிக் குடுக்கற சட்டம் அது. கவர்மெண்டு அத எத்தன தடவ வேணாலும் திருத்தட்டும். தேடிக் குடுத்த வூட்டுக்குள்ள மனுசங்க இல்லன்னா, எந்தக் கலெக்டரு கையெழுத்துப் போட்டு என்ன ஆவப்போவுது?"