மூன்றாவது ஜாடி

வண்டன்மேட்டுப் பக்கம் எங்கள் ஏல எஸ்டேட்டில் ஒரு சங்கதி நடந்தால், அது மேலே பங்களாவுக்குப் போய்ச் சேருமுன் எங்கள் லயத்துக்கு வந்துவிடும். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள். ஆகவே அமிர்தநாதன் வீட்டுக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். சுவருக்கு இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தப் பக்கம் அவர்கள் அடுப்பு.

கேரளம் என்று புதுப்பெயர் வைத்த மறுவருஷம், ஆனி மாத மழையில், கீழே ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து வாத்தியார்கள் ஜீப்பில் ஏறி வந்தார்கள். மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் விஞ்ஞானத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று யூனிவர்சிட்டியில் முடிவு செய்திருந்தார்களாம். அந்த வாரம் அரிசி லாரி வரவில்லை, விஞ்ஞானம் வந்தது. வந்ததை வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

வந்தவர்களில் தமிழ் பேசியவர் ஒருவர்தான். அப்துல் ஷுக்கூர் என்று பெயர். பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அரைக்கால்சட்டை போட்ட பையனைக்கூட “வாங்க கண்ணு, பாருங்க கண்ணு” என்றார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. எங்கள் வாத்தியாரிடம் ‘லே’ கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மரியாதையே ஒரு பரிசோதனை மாதிரி இருந்தது.

மரப்பெட்டியிலிருந்து மூன்று கண்ணாடி ஜாடிகளை எடுத்து மேஜையில் வைத்தார். வேடிக்கை பார்க்க நாங்களும் ஜன்னலில் தொங்கினோம்.

முதல் ஜாடியில் அணையப்போன குச்சியை விட்டார், குபுக்கென்று எரிந்தது. இரண்டாவதில் எரிகிற மெழுகுதிரியை இறக்கினார்; ஊதாமலேயே அணைந்தது.

“பாத்தீங்களா கண்ணு? இது கெட்ட காத்து. பாழுங்கெணத்துல எறங்கறதுக்கு முன்னால கயித்துல வெளக்கைக் கட்டி எறக்கிப் பாக்கோணும். வெளக்கு நின்னா மனுசனும் நிப்பான். வெளக்கு அணைஞ்சா எறங்கப்படாது.”

மூன்றாவது ஜாடியின் வாயை மெழுகு வைத்து அடைத்திருந்தது. “இவன் இருக்கானே, இவன் வேற ஆளு,” என்று அதைக் கையில் எடுத்தார். அப்போதுதான் எங்கள் மிக்கேல்ராஜ் கங்காணி எழுந்தார். மூடுபனி இறங்குவதற்குள் மேனேஜர் துரை பங்களா திரும்ப வேண்டும், அதற்குள் நன்றியுரை சொல்லியாக வேண்டும் என்றார்.

நன்றியுரை என்று பெயர். துரைக்கு நன்றி, துரைசானிக்கு நன்றி, ஜீப்புக்கு நன்றி, ஜீப்பை ஓட்டியவருக்கு நன்றி, ரோடு போட்டவர்களுக்கு நன்றி. மாலைகள் வேறு. கங்காணி பேச்சில் முற்றுப்புள்ளி வரும் என்று காத்திருந்த ஷுக்கூர் சார், கடைசியில் அந்த ஜாடியைத் திறக்காமலே வைக்கோல் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

“இது அடுத்த வருசம் கண்ணு,” என்றார்.

அன்று அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிள்ளை ஒன்றுதான். அமிர்தநாதன் மகள் இன்பமேரி, எட்டாம் வகுப்பு. கிறிஸ்துமஸ் லீவில் கல்லூரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும், இவளை அனுப்பி வையுங்கள் என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அவள் அம்மா மதலேனம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சுவர் தாண்டி மணம் வந்தது, குழம்பு வரவில்லை. அவ்வளவு பெருமை!

இனி ஸ்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பறித்த பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். வெளியே அடுப்பு, அடுப்பின் சூடும் புகையும் இரும்புக் குழாய் வழியாக உள்ளே தரையோரம் ஓடி மறுபக்கம் வெளியேறும். காய்த் தட்டுகள் அடுக்கிக் கதவை அடைத்துவிட்டால் உள்ளே அடைகாக்கிற கோழி வயிறு மாதிரி கதகதவென்று இருக்கும். அமிர்தநாதன் அங்கே அடுப்புக்காரர். ராத்திரி முழுக்க விறகு தள்ள வேண்டும்.

அந்த ஸ்டோரில் அமுக்கான் இருக்கிறது என்பது எங்கள் அப்பன் பாட்டன் காலத்து நம்பிக்கை. உள்ளே கதவடைத்துத் தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் எத்தனை குளிரானாலும் அடுப்புக்காரர் வெளியே இறக்கிய கூரைச் சார்ப்பில்தான் சாக்கை விரித்துப் படுப்பார். எங்கள் மழைக்கு அந்தச் சார்ப்பு ஒரு பொருட்டே இல்லை. அமிர்தநாதனுக்கு இழுப்பு வேறு. ஆவணி பிறந்தால் அவர் மூச்சு விடுகிற சத்தம் லயம் முழுக்கக் கேட்கும்.

அந்த ஆவணியில் இன்பமேரி ஒரு வேலை செய்தாள். ஸ்டோர் அடுப்பில் நெருப்பு ஏறியிருந்த ஒரு மத்தியானத்தில், மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் வெளியே ஜெபமாலையும் கையுமாக நின்றோம். ரொம்ப நேரம் கழித்துத் திரியோடு வெளியே வந்தாள். திரி எரிந்துகொண்டிருந்தது.

“அமுக்கானும் இல்ல, கிமுக்கானும் இல்ல. கெட்ட காத்து இருந்தாத் திரி அணைஞ்சிருக்கும். சார் சொன்னாகல்ல? எப்பா, இனிமே நீங்க உள்ளயே படுங்க. வெளக்கப் பக்கத்துல வச்சுக்கங்க. அது எரியுத மட்டும் ஒண்ணும் ஆவாது.”

அடுத்த வீட்டுக் கத்தரீனாள் முகத்தைச் சுளித்தாள். “ஏட்டி, பேய பரிகாசம் பண்ணாத. அதுக்குக் காது உண்டு.”

“பேய்க்குக் காது இருந்தா உங்க சத்தத்துக்கு எப்பவோ ஓடியிருக்கும் சித்தி,” என்றாள் இன்பமேரி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அமிர்தநாதன் இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார். மகள் படித்தவள் என்று நாலு பேர் முன்னால் தெரிந்துபோன சிரிப்பு அது.

அன்றிலிருந்து அவர் உள்ளேதான் படுத்தார். இழுப்பு குறைந்தது. ‘எட்டாங்கிளாஸ் டாக்டரம்மா’ என்று இன்பமேரிக்குப் பெயர் வந்தது. பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள், நல்ல பெயர்தானே.

புரட்டாசியில் விடாமழை பிடித்தது. விறகெல்லாம் ஈரம். அடுப்பு எரியாமல் குமைந்தது. ஒரு காலையில் காய்த் தட்டு இறக்கப் போன பெண்கள் கதவைத் திறந்தார்கள். அமிர்தநாதன் சாக்கில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எழுப்பினார்கள், எழவில்லை. முகம் செக்கச்செவேலென்று, ஈஸ்டர் விருந்து சாப்பிட்டு வந்தவர் மாதிரி இருந்தது. உயிர் இல்லை. தலைமாட்டில் அரிக்கேன் விளக்கு நின்று நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் பிணத்தைப் பார்த்து அழுதோம். இன்பமேரி மட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பேசினா இல்ல, பேச்சு!” என்று கத்தரீனாள் மாரில் அடித்துக்கொண்டாள். “அமுக்கான் வாங்கிட்டுப் போயிருச்சே!”

மதலேனம்மாள் அந்த அழுகையிலும் திரும்பினாள். “எம் மகளச் சொல்லாத. பேய் செஞ்ச பாவத்துக்கு பிள்ள என்ன செய்யும்?”

மேனேஜர் துரை வந்தார். மாரடைப்பு என்றார். கங்காணி, அமுக்கான் என்றார். இரண்டில் எதுவானாலும் எஸ்டேட்டுக்குச் சரிதான். மாரடைப்புக்கும் பேய்க்கும் நஷ்டஈடு கேட்டு யார் போவார்கள்? இரண்டு நாள் கழித்துக் குழாயில் ஒரு மூட்டு விட்டிருந்ததைச் சாணமும் களிமண்ணும் குழைத்து அடைத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் உண்டு. குழாய் ஒழுகினால் கொஞ்சம் புகை வரும், கண் எரியும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டோம்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு இன்பமேரி கல்லூரிக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு ஏலக்காட்டுக்கு வந்தாள். பாதி ஆள் கூலி. ஏலச்செடிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து காய் ஒடிக்கிறபோது ஒரு வார்த்தை பேச மாட்டாள். ராத்திரி மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். “எம்மா, வெளக்கு எரிஞ்சுச்சே. வெளக்கு எரிஞ்சுச்சே.” “பேய்க்கு வெளக்கு ஒரு கணக்காட்டி? தூங்கு,” என்பாள் மதலேனம்மாள். அந்தப் பேயைத் திட்டித்தான் அவள் அந்த வருஷத்தை ஓட்டினாள். காலையில் எழுந்தால் திட்டுவாள், மண்ணெண்ணெய் தீர்ந்தால் திட்டுவாள். ஒரு புருஷனைப் போல அது அவளுக்கு ஒத்தாசையாக இருந்தது.

மறு ஆனியில் ஜீப் திரும்ப வந்தது. இந்தத் தடவை ருஷ்யாக்காரன் வானத்தில் விட்ட உருண்டையைப் பற்றிக் கங்காணியே முதலில் பேசினார். தனக்கும் அதற்கும் தூரத்து உறவு இருப்பதுபோலப் பேசினார். பிறகு சார் முதல் ஜாடி, இரண்டாவது ஜாடி காட்டினார். விளக்கு நின்றால் மனிதன் நிற்பான் என்ற பாடமும் அப்படியே வந்தது. கங்காணி நன்றியுரைக்குத் தொண்டையைச் செருமினார்.

கதவருகே யாரோ வந்து நிற்பது தெரிந்தது. இடுப்புச் சாக்கோடு, காலெல்லாம் சேறும் அட்டைக்கடி ரத்தமுமாக இன்பமேரி.

“சார், போன வருசம் மூணாவது ஜாடியத் தொறக்காமலே கொண்டு போயிட்டீக.”

“ஏட்டி, வெளிய போ! வேல நேரத்துல...” என்று கங்காணி எழுந்தார். சார் அவரைக் கையமர்த்தினார். பிள்ளை யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “அட, நீங்களா கண்ணு? கிறிஸ்துமஸுக்கு ஏன் வரலீங்க?”

“அதத் தொறங்க சார்.”

அவர் மெழுகைச் சுரண்டி ஜாடியின் வாயில் தீக்குச்சியைக் காட்டினார். நீலமாக, சத்தமில்லாமல் ஒரு சுடர் எரிந்தது. பிள்ளைகள் ‘ஆ’ என்றன.

“இவன் வேற ஆளுன்னு சொன்னனே? ஈர வெறகு குமையற அடுப்புலதான் இவன் பொறப்பான். மணம் இல்ல, நெறம் இல்ல. அடைச்ச ரூமுல கொஞ்சூண்டு கலந்தாப் போதும், தூங்கறவன் எந்திரிக்க மாட்டான்.”

“அங்க வெளக்கு வச்சிருந்தா?”

“எரியும் கண்ணு. மனுசனக் கொல்ற அளவு வெளக்குக்குத் தெரியவே தெரியாது.”

“செத்தவுக மூஞ்சி?”

“செவந்திருக்கும்.” சொன்ன பிறகுதான் அவர் அவளைச் சரியாகப் பார்த்தார். “ஏன் கண்ணு?”

“இத ஏன் சார் போன வருசம் சொல்லல?”

அவர் கங்காணியைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த காலி ஜாடியைப் பார்த்தார். “நேரம் இல்லாமப் போயிருச்சுங்க,” என்றார்.

இன்பமேரி சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு காட்டுக்குத் திரும்பினாள். ஹெட்மாஸ்டர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். சார் மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் நன்றியுரை நடக்கவில்லை.

அதோடு அவள் வாயை மூடியிருக்கலாம். ஊருக்குப் பேய் இருந்தது, துரைக்கு மாரடைப்பு இருந்தது, அம்மாவுக்குத் திட்ட ஆள் இருந்தது. ஆனால் புது அடுப்புக்காரராகக் கத்தரீனாள் புருஷன் வேதமுத்துவைப் போட்டிருந்தார்கள். ஸ்டோரில் காய் திருட்டுப் போகிறது, ராத்திரி ஆள் உள்ளேதான் படுக்க வேண்டும் என்று துரை உத்தரவு. பேய்க்குப் பரிகாரமாகக் கங்காணி உள்சுவரில் ஒரு சிலுவையை அடித்து, அதன் கீழே அமிர்தநாதன் ஆத்துமத்துக்கு ஒரு மெழுகுதிரி வைக்க ஏற்பாடு செய்திருந்தார். திரி எரிகிறவரை அமுக்கான் அண்டாது என்றார். கத்தரீனாளும் தினம் ஒரு திரி வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிட எல்லோரும் மழையில் தலையோடு கொங்காணிக் கம்பளி போர்த்து நிற்கும்போது, இன்பமேரி வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

“எங்கப்பாவப் பேய் கொல்லல. குழா ஓட்டை. ஈர வெறகுப் பொகை. திரி எரிஞ்சாலும் ஆளு சாவும். நான் சொன்னது தப்பு. வேதமுத்துச் சித்தப்பா, உள்ள படுக்காதீக.”

மழை வலுத்தது.

கத்தரீனாள்தான் பேசினாள். அவள் பேசாமல் இருந்த காலம் எது? “அப்ப நீதான் கொன்ன. பெத்த அப்பன, நல்லாப் படுங்கப்பான்னு பாய் விரிச்சுக் கொன்ன.”

“ஆமா,” என்றாள் இன்பமேரி.

கங்காணி அவள் பேரை அன்றைக்கு அடித்துவிட்டார். வேலை கிடையாது, வீட்டுக்குப் போ என்றார். போகும்போது அவள் அம்மாவைப் பார்த்தாள். எல்லோரும் மதலேனம்மாளைத்தான் பார்த்தோம். ‘எம் மகளச் சொல்லாத’ என்று இப்போது வரும், இப்போது வரும் என்று நின்றோம். அவள் கொங்காணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, பேர் கூப்பிட்டதும் காட்டுக்குள் நடந்தாள்.

அன்று சாயங்காலம் கத்தரீனாள் ஸ்டோருக்குப் போனாள். புருஷன் சாக்கையும் கம்பளியையும் உள்ளேயிருந்து இழுத்து வெளிச் சார்ப்பில் போட்டாள். “நனைஞ்சாலும் இங்கதான் கெடக்கணும். துரை கேட்டா என்னையக் கூப்பிடு,” என்றாள். இன்பமேரிக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னாளா என்றால், இல்லை. இன்றுவரை இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது அடுப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. மதலேனம்மாள் பேயைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். மகளையும் திட்டவில்லை, திட்டினால்கூடக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். கஞ்சியை வடித்து வைப்பாள், மகள் எடுத்துக் குடிப்பாள். கல்லூரியிலிருந்து ஷுக்கூர் சார் ஒரு தடவை ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், பிள்ளையை அனுப்புங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. வந்தவரிடம் மதலேனம்மாள் ‘அவகிட்டயே கேளுங்க’ என்றாள். மகளைப் பற்றி அவள் சொன்னதாக நான் கேட்டது அதுதான் கடைசி. இன்பமேரி போகவில்லை.

குழாயை இன்னும் மாற்றவில்லை. கங்காணி அடித்த சிலுவையும் அப்படியே இருக்கிறது. ராத்திரி வேதமுத்து சார்ப்பில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார். உள்ளே, ஆளில்லாத ஸ்டோரில், அமிர்தநாதன் ஆத்துமத்துக்கு வைத்த திரி விடியும்வரை அசையாமல் எரிகிறது.