உதட்டுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம்

விடியும்போதே கோப்பாய்ச் சுருட்டுக் கொட்டிலில் எங்கள் விரல்கள் கறுத்துவிடும். இரு கையும் சுருட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். நுனி கட்டும் நூலைக் கவ்வுவதற்கு உதடுதான் மிச்சம். புகையிலைப் பாணியில் ஊறிய அந்த நூல் என் கீழுதட்டின் இடப்பக்கத்தில் இருபத்தாறு வருடம் கிடந்தது.

அந்த இடத்தில்தான் வெள்ளையாக ஒன்று படர்ந்தது. நோவில்லை. ஆனால் மற்றவர்களுக்கும் தொற்றிவிடுமோ என்று பயந்தேன். எல்லாரும் குடித்துவிட்டு எழும்பிய பிறகு தனியாகத் தேநீர் குடித்தேன். மகளைக் கொஞ்சுவதை நிறுத்தினேன். ஏனென்று அவள் கேட்கவில்லை; அதுதான் கூடச் சுட்டது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, போர்க்காலம் அது. மின்சாரமில்லை, எங்கள் பக்கம் பற்றரி வர அரசாங்கம் விடாது. பல் வைத்தியர் ஸ்ரெல்லா ஒரு சைக்கிளோடு கொட்டிலுக்கு வந்தார். அதைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் சின்ன மின்குமிழ் எரிந்தது.

"கத்தியில்லை, ஊசியில்லை. உதட்டுக்குப் பின்னாலை வெளிச்சம் பிடிப்பன். நல்ல இடம் சிவக்கும், பழுதாகத் தொடங்கின இடம் இருளும். நேரத்தோடை கண்டால் நோயை மாத்தலாம்" என்றார்.

முதலாளி பஞ்சலிங்கம் வாசலை மறித்தார். வெள்ளை வேட்டியில் ஒரு கறை இல்லை.

"வாய்ப்புண்காரன் சுத்தின சுருட்டை ஆர் வாங்குவான்? உதடு காட்டிறவன் நாளைக்கு வரத் தேவையில்லை."

நான் தலை குனிந்தேன். பக்கத்துப் பலகையில் இருந்து சுற்றும் நமசிவாயம் அண்ணை, வாயில் கிடந்த நூலை எடுத்துக் கீழே போட்டார்.

"அப்ப நாளைக்கு நீங்கள்தான் சுத்தவேணும் முதலாளி. நாங்கள் பத்தொன்பது பேரும் காட்டப்போறம்."

புகையிலை அடுக்கும் இருட்டறையில் வரிசை நின்றது. குமிழை மூடிய கண்ணாடிக் குழாயை வைத்தியர் ஒவ்வொரு முறையும் மருந்தால் துடைத்தார். என் உதடு சிவந்தது; இடப்பக்கத்தில் நகமளவு இருட்டு. ஆஸ்பத்திரியில் காட்டிச் சோதிக்கவேண்டும், பிந்தவில்லை என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்தவருக்காகப் பெடலைச் சுற்றினேன். இன்னும் மூன்று பேருக்கு அதே இடத்தில் இருண்டது. அதில் அண்ணையும் ஒருவர். இத்தனை நாளும் ஒரே பயத்தை நாலு பேர் நாலு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறோம்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. நூலை உதட்டில் கவ்வாமல் கொழுவ ஆளுக்கொரு ஆணி. உதடு காட்டியதற்காக ஒருவரையும் நிறுத்தக்கூடாது. ஆணிக்குக் கை போனால் வேலை சுணங்குமாம், முதலாளி மறுத்துவிட்டார்.

மறுநாள் விடிய, கொட்டில் வாசலில் முதலாளி போட்ட பூட்டுத் தொங்கியது. ஒருவரும் திரும்பிப் போகவில்லை. தெருவோரம் இருந்தோம். அண்ணை தன் தகரப் பேணியில் இருந்த தேநீரில் பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் தயங்கினேன்.

"குடியடா, ஆறப்போகுது."

பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இன்னொருவரின் பேணியில் வாய் வைத்தேன். மிச்சத்தை அடுத்தவரிடம் கொடுத்தேன். அவரும் வாங்கிக் குடித்தார்.