படுக்கையறைக் குளிர்

முன்பு வாங்கிய பிளாஸ்டிக் வானிலைக் கருவி வெயிலில் பொரிந்து உதிர்ந்துவிட்டது. இந்த முறை வங்கிக் காசாளரான அவள் அலசி ஆராய்ந்து, உலோக உடம்புள்ள, போனிலேயே அளவு காட்டும் ஒன்றை வாங்கினாள்.

"மழை வருதான்னு எட்டிப் பாத்தா தெரியாதா?" என்று கணவன் கிண்டலடித்தான்.

வெப்பம் அளக்கும் அதன் இரண்டு உணரிகளை மாடியில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக அவளே மாட்டினாள்.

மறுவாரம் அவன் வெளியூர் வேலை என்று கிளம்பினான். மதியம் வங்கியில் அவள் போனைத் திறந்து பார்த்தாள். மாடியில் நாற்பது டிகிரி. பூட்டிய வீட்டின் படுக்கையறையில் இருபத்திரண்டு. உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"வெளியூர்லதான். வெயில் மண்டையப் பொளக்குது."

"அப்படியா? நம்ம ரூம்ல ஏசி யாருக்கு ஓடுது?"

போனில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல், "யாருங்க?" என்றது.

அன்று மாலை அவள் வீட்டுக்குத் திரும்பாமல் நேராகத் தன் தங்கை வீட்டுக்குப் போனாள்.